புதிய விண்டோஸ் இருக்கும் கணினியில் பழைய விண்டோஸை ஏற்றுவது

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் சாலையிலோ, கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கும் கோரிக்கை இது: "இதுல டென் இருக்கு. அதை அழிக்காம பக்கத்துலயே செவன் போட்டுக் குடுங்க."

டென், செவன், லெவன் என்று கடைகளில் சொல்வது விண்டோஸ் 10, 7, 11 ஆகியவற்றை. கேட்பவர்கள் பழசின் மேல் உள்ள ஆசையில் கேட்பதில்லை. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அடிக்கிற டிடிபி கடைகளில் இருபது வருடக் கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. சிப்காட் பக்கம் ஆய்வகக் கருவியோடு வந்த மென்பொருள், கருவி நன்றாக இருக்கும்வரை மாறப்போவதில்லை. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பட்டறைகளில் இயந்திரத்தை இயக்கும் பிஎல்சி என்ற சிறு கணினிக்கு நிரல் ஏற்றும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் பேசும். மொத்த வியாபாரி ஒருவர் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ மென்பொருளில் எழுதிக் கொடுத்த கணக்கை இன்னும் விடாமல் இருப்பார்.

செவனுக்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதற்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று. டென்னின் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட, கடைகள் லெவனுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. லெவனில் 32 பிட் பதிப்பே (பிராசசர் ஒரு தடவையில் 32 பிட் தரவைக் கையாளும் பழைய வகை) கிடையாது, 64 பிட் மட்டும்தான். டென்னின் 32 பிட் பதிப்பை வைத்துக்கொண்டு இதுவரை சமாளித்தவர்களுக்கும் இனி அந்த வழி அடைபடுகிறது.

செவனை ஏற்றுவது அரை மணி நேர வேலை. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கெடுவதெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, இரண்டில் எது கணினியை எழுப்புவது என்கிற இடத்தில்தான். எப்படிக் கெடும் என்பதோ, பழையது எதற்காகத் தேவைப்படுகிறது என்ற கேள்வியிலேயே முடிவாகிவிடுகிறது. பென்டிரைவைத் தொடும் முன் வாடிக்கையாளரிடம் அதைக் கேட்டுவிட வேண்டும்.

முதல் கேள்வி: 32 பிட்டா, 64 பிட்டா?

64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும். வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவர் 32 பிட்டாக இருந்தால் ஓடாது. டாங்கிள் (மென்பொருளின் உரிமத்துக்காகச் செருகும் சாவி), பழைய ஸ்கேனர், மதர்போர்டில் செருகும் கார்டு ஆகியவை முரண்டு பிடிப்பது இதனால்தான். 16 பிட் நிரலுக்கு 64 பிட் விண்டோஸில் இடமே இல்லை. டாஸ் நிரல்களையும் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களையும் ஓட்டும் பகுதியை அதில் வைக்கவில்லை. 90களில் வந்த மென்பொருள்கள் பலவற்றில் ஒரு வினோதம் உண்டு: மென்பொருள் 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். அந்த செட்டப் 64 பிட் விண்டோஸில் தொடக்கத்திலேயே நின்றுவிடும். மென்பொருளே ஓடாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

வெறும் பேஜ்மேக்கர் 7தான் வேண்டும் என்றால், முதலில் அதைப் புதிய விண்டோஸிலேயே நிர்வாகி உரிமையோடும் எக்ஸ்பி ஒத்திசைவு முறையிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பல இடங்களில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பேஜ்மேக்கருக்கு, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக்குறியீடான யூனிகோடு தெரியாது. அதனால்தான் அச்சுக்கடைகள் ஸ்ரீலிபி, செந்தமிழ் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களை விடாமல் வைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அச்சுக்கடைக் கோப்புகளுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. எழுத்துருக் கோப்பு மட்டும் என்றால் லெவனிலும் ஏறும். தட்டச்சு மென்பொருளோடு டாங்கிள் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பழைய விண்டோஸ் வேண்டியதாகிறது. அதிலும் பழைய பிரின்டர் செருகுமிடமான பேரலல் போர்ட்டில் மாட்டும் டாங்கிள் என்றால் அதைச் செருக இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் பிரின்டருக்காகச் செய்தது. டாங்கிளை அது பொதுவாகக் காட்டாது. தனியாக பேரலல் கார்டு வாங்கிப் போட்டாலும் போர்ட் முகவரி மாறிவிடுவதால் பழைய மென்பொருள் டாங்கிளைக் கண்டுபிடிக்காமல் போகலாம். போர்டிலேயே பேரலல் போர்ட்டோ அதற்கான பின்களோ இருக்கும் பழைய கணினிதான் இதற்குச் சரிப்படும்.

32 பிட் என்று முடிவானால் அடுத்ததும் தானாக முடிவாகிவிடும். செவனின் 32 பிட் பதிப்பு யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் எழாது. அதற்குப் பழைய பயாஸ் முறையும், டிஸ்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய வகையான எம்பிஆர் அட்டவணை உள்ள டிஸ்கும் வேண்டும். டென்னோடு வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவையும், முறைப்படி ஏற்றிய லெவன் எல்லாமும் யூஇஎஃப்ஐ முறை, புதிய வகையான ஜிபிடி அட்டவணை. இந்த இரண்டு முறைகளையும் ஒரே டிஸ்கில் சேர்த்து வைக்க விண்டோஸ் இடம் தராது. எந்த விண்டோஸ் எழ வேண்டும் என்று கேட்கும் டென்னின் பூட் பட்டியலில் இந்தச் செவனைச் சேர்க்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. யூஇஎஃப்ஐயில் எழுந்த பூட் மேனேஜரால் பயாஸ் முறைக்குத் திரும்பிப் போய் இன்னொன்றை எழுப்ப முடியாது. ஆகவே 32 பிட் வேண்டுமென்றால் இரண்டாவது டிஸ்க் போட்டு, எது எழ வேண்டும் என்பதை மதர்போர்டின் பூட் மெனுவில் தேர்வு செய்வதுதான் வழி. இதற்கு மாற்று வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது இருப்பது எந்த முறை என்று தெரிய, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்ட வேண்டும். வரும் பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்றோ லெகசி என்றோ இருக்கும்.

எழுப்புவது யார்

பழைய முறையில், மின்சாரம் வந்ததும் பயாஸ் டிஸ்கின் முதல் செக்டாரைப் படிக்கும். அது ஆக்டிவ் என்று குறித்த பார்ட்டிஷனுக்கு, அதாவது டிஸ்கின் பிரிவுக்குப் போகும். அங்கே பூட் மேனேஜர் இருக்கும். எந்தெந்த விண்டோஸ் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலை அது பிசிடி என்ற கோப்பிலிருந்து படித்து, தேர்ந்தெடுத்த விண்டோஸைத் தொடங்கும் லோடரை அழைக்கும். யூஇஎஃப்ஐ முறையில் ஆக்டிவ் பார்ட்டிஷன் கிடையாது. சுமார் 100 எம்பி அளவில் ஃபேட் 32 வடிவத்தில் ஒளிந்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில், மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டருக்குள் பூட் மேனேஜர் உட்கார்ந்திருக்கும்.

எக்ஸ்பி வரை இந்த ஏற்பாடே வேறு. என்டிஎல்டிஆர் என்ற லோடரும் பூட்.இனி என்ற உரைக்கோப்பும்தான் இருந்தன. பிசிடி என்பது விஸ்டாவில் வந்தது. எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது. செவனுக்குப் பிறகு எக்ஸ்பியை ஏற்றினால், எக்ஸ்பி தன் பூட் செக்டாரை எழுதிவிட்டு, செவன் என்று ஒன்று அங்கே இருப்பதே தெரியாமல் நேராக எழுந்து நிற்கும்.

டென்னுக்குப் பிறகு செவனை ஏற்றும்போது நடப்பது இதைவிட நுட்பமானது. இருவருக்கும் பூட் மேனேஜரும் ஒன்று, பட்டியலும் ஒன்று. ஆனால் செவனின் செட்டப் பல நேரங்களில் தன்னுடைய பழைய பூட் மேனேஜரை அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. டென்னின் லோடரில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பத்தை அந்தப் பழைய மேனேஜரால் சரிபார்க்க முடியாது. பட்டியலில் டென் தெரியும். தேர்ந்தெடுத்தால் 428 என்று முடியும் பிழை எண்ணோடு கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்து நிற்கும். டென் போய்விட்டது என்று பயந்து டிஸ்கையே ஃபார்மேட் அடித்தவர்கள் உண்டு. டென்னின் ஒரு கோப்பும் கெட்டிருக்காது. வாசலில் நிற்கும் மேனேஜர் மட்டும்தான் பழையது.

"பழையதை முதலில், புதியதைப் பிறகு" என்று எல்லோரும் சொல்லும் விதிக்குக் காரணம் இதுதான். புதிய மேனேஜருக்குப் பழைய லோடரையும் எழுப்பத் தெரியும். வரிசை தலைகீழானாலும் திருத்திவிடலாம். டென்னை ஏற்ற வைத்திருக்கும் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர், டிரபிள்ஷூட், கமாண்ட் பிராம்ப்ட் என்று போக வேண்டும். டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் வால்யூம் கேட்டால் டிரைவ் எழுத்துகள் தெரியும். இங்கே டென் சி என்றுதான் இருக்கும் என்று நம்பக் கூடாது. இந்தச் சூழலில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், ஆகவே அளவைப் பார்த்து அடையாளம் காண வேண்டும். டென் டி என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, பிசிடிபூட் என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, டி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, விண்டோஸ் என்று கொடுத்தால், டென்னின் புதிய பூட் மேனேஜர் மீண்டும் அந்த இடத்துக்கு வந்துவிடும். பட்டியலில் செவன் விடுபட்டிருந்தால் அதே கட்டளையை முதலில் செவனின் ஃபோல்டருக்கும், கடைசியாக டென்னின் ஃபோல்டருக்கும் கொடுக்க வேண்டும். கடைசியாக வருவது எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

யூடியூப் காணொளிகள் இந்த இடத்தில் பூட்ரெக் கட்டளைகளை வரிசையாகச் சொல்லும். அவை பயாஸ் முறைக்கானவை. யூஇஎஃப்ஐ கணினியில் ஃபிக்ஸ்பூட் என்று கொடுத்தால் பெரும்பாலும் அனுமதி மறுப்பு என்றுதான் பதில் வரும். அங்கே சரிசெய்ய அதற்கு வேலையும் இல்லை.

இன்னொரு சிறு எரிச்சல்: டென்னின் நீல நிறப் பூட் பட்டியல் டென்னைப் பாதி ஏற்றிய பிறகுதான் தெரிகிறது. அதில் செவனைத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிச் செவனுக்குப் போகும். பிசிடிஎடிட் கட்டளையில் பூட்மெனுபாலிசி என்பதை லெகசி என்று மாற்றினால் பழைய கறுப்புப் பட்டியல் வரும். தேர்வு நேரடியாக நடக்கும்.

போர்டின் தலைமுறை

இந்தப் பக்கத்துச் செகண்ட்ஹேண்ட் கடைகளில் அதிகம் புழங்குபவை எச்61, எச்81, எச்110 சிப்செட் போர்டுகள். எச்61 இன்டெல் பிராசசர்களின் 2, 3ஆம் தலைமுறைக்கு, எச்81 4ஆம் தலைமுறைக்கு, எச்110 6, 7ஆம் தலைமுறைக்கு. செவனைப் பொறுத்தவரை எச்81க்கும் எச்110க்கும் நடுவே ஒரு கோடு விழுகிறது.

செவனின் டிவிடியில் யூஎஸ்பி 3 டிரைவர் இல்லை. எச்81 வரை பழைய யூஎஸ்பி 2 கட்டுப்படுத்தியும் போர்டில் இருந்ததால் கறுப்பு நிறப் போர்ட்டில் கீபோர்டையும் பென்டிரைவையும் செருகினால் வேலை நடந்துவிடும். 6ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் அந்தப் பழைய கட்டுப்படுத்தியை எடுத்துவிட்டது. எல்லாப் போர்ட்டும் யூஎஸ்பி 3 வழியாகத்தான். விளைவு: பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், மொழி கேட்கும் திரை வரும், அதோடு கீபோர்டும் மவுஸும் செத்துவிடும். அல்லது சிடி, டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை என்று ஒரு பெட்டி வரும். அதைப் பார்த்து டிவிடி டிரைவைக் குறைசொல்லி மாற்றிப் பயனில்லை. செட்டப்புக்குத் தான் வந்த பென்டிரைவே தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இதற்கு ஒழுங்கான தீர்வு, யூஎஸ்பி 3 டிரைவரைச் செட்டப் கோப்புகளுக்குள்ளேயே சேர்ப்பது. டென் கணினியில் டிஸ்ம் கட்டளையால் பூட்.விம் கோப்பின் இரண்டாவது படிமத்தைத் திறந்து டிரைவரைச் சேர்த்து மூட வேண்டும், பிறகு இன்ஸ்டால்.விம் கோப்பில், ஏற்றப்போகும் பதிப்பின் படிமத்திலும் அதையே செய்ய வேண்டும். பூட்.விம்மில் மட்டும் சேர்த்தால் செட்டப் ஓடும், ஏற்றி முடித்த செவனில் மவுஸ் நகராது. ஜிகாபைட் போன்ற போர்டு நிறுவனங்கள் இதைத் தானாகச் செய்யும் சிறு கருவிகளை அந்தக் காலத்தில் வெளியிட்டன. அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: பழைய வட்டச் செருகியுள்ள பிஎஸ்2 கீபோர்டும், உள்ளேயே சாட்டா கேபிளில் இணையும் டிவிடி டிரைவும். இரண்டுக்கும் யூஎஸ்பி தேவையில்லை.

7ஆம் தலைமுறை இன்டெல், ஏஎம்டி ரைசன் ஆகியவற்றிலிருந்து செவனுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தரவில்லை; 2017 முதல் அந்தப் பிராசசர்களில் செவனுக்கு அப்டேட்டையும் தடுத்தது. 7ஆம் தலைமுறையின் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு இன்டெல் செவன் டிரைவரும் தரவில்லை. அங்கிருந்து இங்கிருந்து ஒட்டுப்போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரின் பிழைப்பு ஓட வேண்டிய கணினியில் அதைச் செய்வது வீண் வேலை. 6ஆம் தலைமுறைக்கு மேல் போனால் இரட்டை ஏற்றத்தை மறந்துவிட்டு, புதிய விண்டோஸுக்குள்ளேயே ஒரு மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிக்குப் போவதே புத்திசாலித்தனம்.

இன்னொரு தடையும் இருக்கிறது. செவனின் 64 பிட் பதிப்பு யூஇஎஃப்ஐயில் எழும் என்றாலும், திரையைத் தொடங்கப் பழைய பயாஸின் வீடியோ சேவையைத்தான் கூப்பிடும். அதைத் தருவது போர்டில் உள்ள சிஎஸ்எம் என்ற அமைப்பு. சிஎஸ்எம் அணைந்திருந்தால் ஸ்டார்ட்டிங் விண்டோஸ் என்ற இடத்தில் உறைந்து நிற்கும். 2020க்குப் பின் வந்த போர்டுகள் பலவற்றில் சிஎஸ்எம்மே கிடையாது, அல்லது தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் அது கிடைக்கும். செல்லும் கையொப்பம் இல்லாத லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்தாக வேண்டும்; செவனுக்கு அது ஆகாது. முறைப்படி ஏற்றிய லெவன், செக்யூர் பூட் அணைந்திருந்தாலும் எழும்.

புதிய, வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியும் செவனுக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்டின் கேபி 2990941, கேபி 3087873 என்ற எண்ணுள்ள இரண்டு திருத்தங்களைச் செட்டப்பில் சேர்த்தால் தெரியும். அதற்கு மெனக்கெடுவதைவிட ஒரு சாதாரண 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் செவனை ஏற்றிவிடலாம்.

இரண்டு டிஸ்கில் ஏற்றும் முறை

64 பிட் போதும் என்றாலும் நாம் பரிந்துரைப்பது இரண்டு டிஸ்கைத்தான். ஒன்று செத்தால் மற்றது தனியாக எழும். ஒன்றை ஃபார்மேட் அடித்தால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது.

டென்னிலோ லெவனிலோ இருக்கும்போதே மூன்று வேலைகளை முடித்துவிட வேண்டும். முக்கியக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுப்பது முதலாவது. அடுத்தது பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம். புது லேப்டாப்களிலும், அண்மையில் புதிதாக ஏற்றிய லெவன்களிலும் டிஸ்க் குறியாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில், அதாவது போர்டின் அமைப்புத் திரையில், செக்யூர் பூட்டைத் தொட்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல் பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது. எண்ணை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் பயாஸுக்குள் போக வேண்டும். மூன்றாவது, செவனுக்கான சிப்செட், லேன் (இணைய இணைப்பு), கிராஃபிக்ஸ் டிரைவர்களையும் கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டு அப்டேட்டுகளையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் வைப்பது. ஏற்றி முடித்த செவனில் லேன் டிரைவர் இருக்காது. அப்போது போய்த் தேட முடியாது.

பிறகு கணினியை முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, புதிய விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்ற வேண்டும். எம்.2 வகை என்றால் ஒரே ஒரு ஸ்க்ரூதான். இந்த ஒரு காரியம் மேலே சொன்ன பூட் மேனேஜர் சண்டை முழுவதையும் தவிர்த்துவிடும். கண்ணில் படாத டிஸ்கில் செவன் எதையும் எழுத முடியாது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் இருந்த பழைய கணினி என்றால், திறந்த கையோடு ரேமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் துடைத்துவிடலாம். பாதி ஏற்றத்தில் வரும் காரணம் தெரியாத நீலத்திரைகளில் சில அதோடு நின்றுவிடும்.

பயாஸில் சிஎஸ்எம் இயக்கம், செக்யூர் பூட் அணைப்பு, டிஸ்கோடு பேசும் சாட்டா முறை ஏஎச்சிஐ என்று வைக்க வேண்டும். சாட்டா முறை ரெய்டு என்று இருந்தால் செவனின் செட்டப் டிஸ்கே இல்லை என்று சொல்லும். ஆனால் அதை மாற்றும் முன், டென் எந்த முறையில் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முறை மாறினால் டென் 7பி என்ற நீலத்திரையோடு நின்றுவிடும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. 32 பிட் செவனுக்கு முன்னொட்டு இல்லாததைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் 4490628 முதலில், 4474419 அடுத்து. செவனின் சர்வீஸ் பேக் 1 வந்தது 2011இல். ஷா 2 என்ற புதிய முறையில் கையொப்பமிட்ட அப்டேட்டுகளையும் பிற்கால டிரைவர்களையும் அது இந்த இரண்டும் இல்லாமல் ஏற்காது.

பிறகு கழற்றிய டிஸ்கை மாட்டி, பயாஸில் புதிய விண்டோஸை முதலாவதாக வைத்துவிடலாம். செவன் வேண்டும்போது பூட் மெனு விசை: ஆசுஸ் போர்டில் எஃப்8, ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11, எச்பியில் எஃப்9, டெல்லில் எஃப்12.

ஒரே டிஸ்க்தான் இருக்கிறது, 64 பிட் போதும் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஷ்ரிங்க் செய்து, அதாவது இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கி, 60 ஜிபி, அதாவது 61,440 எம்பி ஒதுக்கலாம். மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 20 ஜிபி. அது ஏற்றும் அன்றைக்கு மட்டும் போதும். 200 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபிதான் சுருக்க முடியும் என்று வந்தால், பேஜ் கோப்பு, ஹைபர்னேஷன் கோப்பு, ரீஸ்டோர் பாயின்ட் ஆகியவை நடுவில் நகராமல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை அணைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயல வேண்டும். எம்பிஆர் டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போனால், டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்திவிடக் கூடாது. அதன்பின் அங்கே செவனின் செட்டப் ஏற மறுக்கும். திருப்பவும் எளிதில் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நாட்களில் யூபிஎஸ் இல்லாமல் ஷ்ரிங்கைத் தொடவே வேண்டாம்.

ஏற்றிய பிறகு கோப்புகளுக்கு வரும் ஆபத்து

டென்னையும் லெவனையும் ஷட்டவுன் செய்தால் அவை முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியால் உள்மையத்தின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகின்றன. கணக்கர் பேரேட்டைப் பாதி எழுதித் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போக, இன்னொருவர் வந்து அதே பக்கத்தில் எழுதுவதைப் போன்றதுதான் அப்போது செவனில் எழுந்து அந்த டிரைவில் சேமிப்பது. மறுநாள் டென் தன் நினைவில் இருப்பதை மேலே எழுதும். கோப்பு காணாமல் போகும். செவனில் ஒவ்வொரு முறையும் டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓடுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையின் பதிவேட்டு வடிவம் விண்டோஸ் 8இலிருந்து மாறியது. முழுதாக அணைக்கும்போது அது பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். பாதி அணைத்தால் திரும்பாது. அந்தப் புதிய வடிவம் செவனுக்குப் புரியாமல் போவதால் டிஸ்க் பழுது என்று நினைத்துத் திருத்தத் தொடங்கும்.

தீர்வு ஒரே வரி. புதிய விண்டோஸில் நிர்வாகியாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, ஆஃப். ஹைபர்னேஷனும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து போகும். இரண்டு டிஸ்க் என்றாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். செவனுக்கு மற்ற டிஸ்கும் கண்ணில் தெரிகிறது அல்லவா. பெரிய அப்டேட் ஏதாவது வந்த பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மறுபடி இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பொதுக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் இருப்பது நல்லது. செவனிலிருந்து டென்னின் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கும். தொடர் என்றால் டென்னின் அனுமதிகளையே மாற்றி எழுதிவிடும். பிறகு டென்னில் டெஸ்க்டாப் திறக்காமல் போகலாம். ஒன்டிரைவில், கணினியில் பெயர் மட்டும் தெரிந்து உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும் கோப்புகள் செவனில் திறக்காது.

நேரச் சிக்கல் இரண்டு விண்டோஸ்களுக்கு இடையே வருவதில்லை. இரண்டுமே போர்டின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகத்தான் படிக்கின்றன. மூன்றாவதாக லினக்ஸும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகக் காட்டும், ஏனெனில் அது கடிகாரத்தை உலக நேரமாக எடுத்துக்கொள்கிறது.

எக்ஸ்பி என்றால்

எக்ஸ்பியை நேரடியாக ஏற்ற வேண்டாம். சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்ற வேண்டும், அதன் 32 பிட் பதிப்புக்கு ஜிபிடி டிஸ்க் தெரியாது, பத்து வருடத்துக்குள் வந்த எந்தப் போர்டுக்கும் டிரைவர் கிடைக்காது. போதாததற்கு, எக்ஸ்பி ஒரு முறை எழுந்தாலே அதன் கண்ணில் படும் செவன் டிரைவின் ரீஸ்டோர் பாயின்ட்களை அழித்துவிடும்.

மெய்நிகர் கணினி மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸிலோ, 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகிவிட்ட விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனிலோ 1 ஜிபி ரேம் கொடுத்து எக்ஸ்பியை ஓட்டலாம். மெய்நிகர் டிஸ்கை ஐடிஇ வகையாக வைத்தால் 7பி நீலத்திரை வராது. யூஎஸ்பி டாங்கிளை உள்ளே இணைக்கலாம். பல டாங்கிள்கள் ஏற்கும், சில ஏற்காது. முதலில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடியாதபோது இரண்டாவது டிஸ்கை வாங்கினால் போதும். உள்ளே செருகும் கார்டு, பேரலல் டாங்கிள் என்றால் மெய்நிகர் கணினி பெரும்பாலும் கைகொடுக்காது. எச்81 வகைப் பழைய கணினியைத் தனியாக ஒதுக்குவதே அங்கே நல்லது.

இணையமும் பாட்டரியும்

பழைய விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய் லேன் அடாப்டரை டிஸேபிள் செய்துவிட வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது பழைய ஃபைல் ஷேரிங் நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் எந்த இணைப்பையும் சொடுக்கத் தேவையில்லாமல் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே போயிற்று. குரோம் உலாவி செவனுக்கு 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஜிஎஸ்டி, வங்கி, மின்னஞ்சல் எல்லாம் புதியதில் மட்டும்.

இரட்டை ஏற்றம் செய்த கணினி மாதக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, திடீரென்று ஒரு காலையில் செவன் மட்டும் எழாமல் போவது இந்தக் கடைகளுக்குத் திரும்பி வரும் புகார்களில் முக்கியமானது. டிஸ்கைச் சந்தேகிக்கும் முன் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் போர்டின் சிஆர் 2032 பாட்டரி சீக்கிரம் தீரும். தீர்ந்ததும் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும்: சிஎஸ்எம் அணைந்திருக்கலாம், சாட்டா முறையும் மாறியிருக்கலாம். புதிய விண்டோஸ் இணையத்திலிருந்து தேதியைத் திருத்திக்கொள்வதால் பாட்டரி தீர்ந்தது வெளியே தெரிவதும் இல்லை. ஆகவே தேதியைப் பயாஸ் திரையிலேயே பார்க்க வேண்டும். பாட்டரியை மாற்றி, சிஎஸ்எம், செக்யூர் பூட், சாட்டா மூன்றையும் பழையபடி வைத்தால் செவன் எழும். அந்த மூன்று அமைப்புகளையும் பூட் மெனு விசையையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், அடுத்த முறை யார் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.